சுருக்கலாம், தவறில்லை, கத்தரிக்குமுன் ஒரு கணம் பொறுங்கள்



தோட்டத்துப் பள்ளிக்கு ஓர் இணையத்தளம், கோயிலுக்கு ஓர் இணையத்தளம், முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் என்று நம் பிள்ளைகள் தாங்களாகவே தொடங்கி நடத்தும் காலம் இது. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று எந்த ஊராக இருந்தாலும் இளைஞர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: "பழைய போட்டோ ஏதாவது இருந்தா கொடுங்க தாத்தா, தளத்துல போடணும்." கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்துப் படத்தைக் கொடுத்த பாட்டி, பிறகு பேரனின் கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு, "நான் எங்கடா?" என்று கேட்கும்படி ஆகிவிடக் கூடாது அல்லவா? அப்படி ஆவதுண்டு. ஓரத்தில் நின்றவர் காணாமல் போவார். பின்வரிசையில் நின்றவரின் தலை போய்விடும். இதற்கு யாருடைய பகையும் காரணமன்று. இணையத்தளத்தை நடத்தும் மென்பொருளுக்கு உள்ள ஒரு பழக்கமே காரணம். அந்தப் பழக்கத்தைத் தெரிந்துகொண்டால் அதை நம் சொற்படி நடக்க வைக்கலாம். தளம் நடத்தும் பிள்ளைகளும் படம் கொடுக்கும் பெரியவர்களும் இதைச் சேர்ந்து படிப்பது நல்லது.

இரண்டும் வேறு வேறு வேலைகள்

படத்தைச் சுருக்குவது ஒன்று, கத்தரிப்பது மற்றொன்று. இரண்டையும் கணினி ஒரே இடத்தில் வைத்திருப்பதால் பலரும் ஒன்றென்றே நினைத்துவிடுகிறார்கள்.

சுருக்கினால் படத்தில் இருந்த அத்தனை பேரும் இருப்பார்கள். ஆளுக்கு ஆள் சிறியவராகத் தெரிவார்கள், அவ்வளவுதான். கத்தரித்தால் எஞ்சியவர் பெரியவராகத் தெரிவார். வெட்டுப்பட்டவர் இல்லாமலே போய்விடுவார். முன்னது புடவையை மடித்து வைப்பது போன்றது. பின்னது புடவையைக் கிழித்துப் பாவாடை தைப்பது போன்றது. பாவாடையும் வேண்டியதுதான். ஆனால் எந்தப் புடவையைக் கிழிக்கிறோம் என்று பார்த்துத்தானே கத்தரிக்கோலை எடுப்போம்?

கத்தரிப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கடப்பிதழுக்கு 35க்கு 50 மில்லிமீட்டர் அளவில், வெள்ளைப் பின்னணியில் படம் வேண்டும். அங்கே ஒருவருடைய முகம் மட்டும் போதும், மற்றதெல்லாம் தேவையில்லை. கூட்டப் படம் அப்படிப்பட்டதன்று. அதில் தேவையில்லாதவர் என்று எவருமே இல்லை.

ஏன் சுருக்க வேண்டும்?

முதலில் சுருக்கும் வேலையைப் பார்ப்போம். இன்றைய கைப்பேசி எடுக்கும் படம் சாதாரணமாக 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் கொண்டது. பெருக்கிப் பாருங்கள்: 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அப்படிப்பட்ட ஒரு படம் ஏறக்குறைய 4 மெகாபைட் எடை இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். திருவிழாப் படங்கள் 40ஐ அப்படியே ஒரு பக்கத்தில் ஏற்றிவிட்டால் அந்தப் பக்கத்தின் எடை 160 மெகாபைட். இணைப்பு மெதுவாக, நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வரும் ஒரு லயத்து வீட்டில் அதைத் திறக்க 5 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். முன்பணம் கட்டி வாங்கிய டேட்டாவும் கரைந்துபோகும்.

அதே படங்களை 1200 புள்ளி அகலத்துக்குச் சுருக்கினால் ஒவ்வொன்றும் கால் மெகாபைட் அளவுக்கு வந்துவிடும். மொத்தம் 10 மெகாபைட். 20 நொடியில் திறந்துவிடும். கைப்பேசித் திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பக்கத்தில் படம் சிறியதாகத் தெரிகிறது என்பதற்காக அது சுருக்கப்பட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய படத்தையே அனுப்பிவிட்டு, "இதைச் சின்னதாகக் காட்டு" என்று மட்டும் திரைக்குச் சொல்வதும் நடக்கிறது. ஒரு பால் டின் அரிசி பொங்குவதற்காகக் கடையிலிருந்து ஒரு மூட்டையையே தலையில் சுமந்து வருவது போன்றது அது. சுருக்குவது என்றால் சிறிய பிரதி ஒன்றைத் தனியாகச் செய்து, அதை மட்டும் அனுப்புவது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சுருக்கும்போது அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். 4000க்கு 3000 உள்ள படத்தை 600க்கு 600 என்று கட்டாயப்படுத்தினால் எல்லார் முகமும் முருங்கைக்காய் போல நீண்டுவிடும். விகிதத்தைப் பூட்டி வைக்க மென்பொருளில் வழியுண்டு. அதைத் திறந்து விடாதீர்கள்.

கத்தரிக்கோல் உள்ளே வந்த கதை

இணையத்தளம் நடத்தும் மென்பொருள்களில் மிகப் பரவலானது வேர்ட்பிரஸ். 2003ஆம் ஆண்டில் தோன்றியது; இன்று உலகத்து இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. ஆரம்ப காலத்தில் அதற்குள் படத்தைக் கத்தரிக்க வழியில்லை. வேறொரு மென்பொருளில் வெட்டிச் சரிசெய்து கொண்டுவந்துதான் ஏற்ற வேண்டும். 2009 டிசம்பரில் வந்த 2.9 பதிப்பில்தான் கத்தரிப்பது, திருப்புவது, அளவு மாற்றுவது ஆகிய வசதிகளை உள்ளேயே சேர்த்தார்கள். படத் தொழில் தெரியாத கோயில் செயலாளரும் பள்ளி ஆசிரியரும் அதன்பின் தாங்களே எல்லாம் செய்துகொள்ள முடிந்தது.

அதைச் செய்தவர்கள் ஒரு நல்ல காரியத்தையும் சேர்த்தே செய்தார்கள். நீங்கள் கத்தரித்தாலும் அது பழைய படத்தை அழிப்பதில்லை. வெட்டியதைப் புதிய பிரதியாக வைத்துக்கொண்டு, மூலப்படத்தை மீட்டுத் தரவும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறது. 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து, 2560 புள்ளிக்கு மேற்பட்ட பெரிய படங்களைத் தானே சுருக்கிப் பயன்படுத்துகிறது. அப்போதும் மூலப்படத்தை ஒதுக்கிப் பத்திரமாக வைக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நாம் கேளாமலே அது செய்யும் ஒரு வேலையில். படத்தை ஏற்றியவுடன், பட்டியலில் காட்டுவதற்காக 150க்கு 150 புள்ளியில் சதுரமான சின்னப் படம் ஒன்றைத் தயாரித்துக்கொள்கிறது. நம் படமோ நீள்சதுரம். ஆகவே நடுவை வைத்துக்கொண்டு இரு பக்கமும் வெட்டிவிடுகிறது. 4000 புள்ளி அகலத்தில் நடு 3000 நிற்கும். இந்தப் பக்கம் 500, அந்தப் பக்கம் 500 போய்விடும். கால் பங்கு படம்! ஒரு வரிசையில் 24 பேர் நின்றிருந்தால், இடக்கோடியில் 3 பேரும் வலக்கோடியில் 3 பேருமாக 6 பேர் இல்லை.

பக்கத்தின் உச்சியில் அகலமாக ஒரு படம் போடுகிறார்களே, அதில் வேறு விதமான வெட்டு விழுகிறது. உயரத்தைப்போல மூன்று மடங்கு அகலம் வேண்டுமென்றால் படத்தின் உயரத்தில் பாதிகூட மிஞ்சாது. மேலே பின்வரிசைத் தலைகள் போகும். கீழே முன்வரிசைப் பிள்ளைகள் போவார்கள். அந்தப் பிள்ளைகளின் காலடியில் வகுப்பையும் ஆண்டையும் எழுதி வைத்திருக்கும் சிறு பலகையும் சேர்ந்தே போகும். எந்த ஆண்டுப் படம் என்று பிறகு எப்படித் தெரியும்?

ஓரத்தில் நின்றவர் யார்?

இப்போது ஒரு தோட்டத்துக் கூட்டப் படத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் நடுநாயகமாக இருப்பவர் யார்? துரை. அவருக்குப் பக்கத்தில் சின்னத் துரை, பெரிய கிராணி, மருத்துவமனைக் கிராணி. அடுத்துத் தண்டல்மார். பால் வெட்டியவர்கள், புல் வெட்டியவர்கள், மருந்து அடித்தவர்கள், ஆயாக் கொட்டகையில் நம்மைத் தாலாட்டிய ஆயா எல்லாரும் பின்னாலும் ஓரத்திலுமாக நிற்பார்கள். பெரும்பாலும் அன்றைய முறை அதுதான்.

நடுவை வைத்து ஓரத்தை வெட்டும் இயந்திரத்துக்குத் துரையும் தெரியாது, தொழிலாளியும் தெரியாது. ஆனாலும் அதன் கத்தி யார்மேல் விழுகிறது என்று பார்த்தீர்களா? அன்றைக்குப் படமெடுக்கும்போது ஓரத்தில் நிறுத்தப்பட்டவர், இன்றைக்கு அந்த ஓரத்திலிருந்தும் தள்ளப்படுகிறார். அதுவும் அவருடைய பேரப்பிள்ளைகள் நடத்தும் தளத்திலேயே!

நம் வட்டாரத்துச் செய்தி ஒன்றைச் சொல்கிறேன். மலாயாவில் வாணிப முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது நம் கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான், ஆண்டு 1917. நடச் செய்தவர் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோகோனியே. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் கிடைத்தது. அவர் பெயர் நூல்களில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கன்றுகளுக்குக் குழி வெட்டியவர்களின் பெயர்களை எந்த நூலில் தேடுவது? நம் மக்களில் பலருக்கு, "இந்தத் தோட்டத்தில் நானும் இருந்தேன்" என்று சொல்ல மிஞ்சியிருப்பது கூட்டப் படத்தின் ஓரத்தில் கையளவு இடம்தான். லயங்களை இடித்துவிட்டார்கள், பால்மரங்களை வெட்டிவிட்டார்கள், பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப் பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. அந்தக் கையளவு இடத்தை நாமே வெட்டி எறியலாமா?

அறிவுள்ள இயந்திரம் வெட்டினால்?

"நடுவை வெட்டுவது பழைய முறை, இப்போது கணினியே முகத்தைக் கண்டுபிடித்து வெட்டும்" என்று சிலர் சொல்லலாம். அதையும் உலகம் சோதித்துப் பார்த்துவிட்டது.

டுவிட்டர் நிறுவனம் 2018 முதல் அப்படி ஒரு முறையை வைத்திருந்தது. படத்தில் எந்த இடத்தை மனிதர் கண் முதலில் நாடும் என்று கணினி கணித்து, அந்த இடத்தை வைத்துக்கொண்டு மற்றதை மறைக்கும். 2020 செப்டம்பரில் பயனாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நீளமான படம் ஒன்றின் ஒரு முனையில் வெள்ளையர் முகத்தையும் மறு முனையில் கறுப்பர் முகத்தையும் வைத்து ஏற்றிப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வெள்ளையர் முகமே தெரிகிறது என்று குரல் எழுந்தது. நிறுவனமே ஆராய்ந்து 2021 மே மாதம் முடிவை வெளியிட்டது: சமநிலையிலிருந்து வெள்ளையர் பக்கம் 4 விழுக்காடும் பெண்கள் பக்கம் 8 விழுக்காடும் சாய்வு இருந்தது. கண்ட முடிவோடு நின்றுவிடவில்லை. வழக்கமான அளவுள்ள படங்களை வெட்டாமல் முழுதாகவே கைப்பேசியில் காட்டத் தொடங்கினார்கள். படத்தை எப்படி வெட்டுவது என்பதை மனிதரிடமே விடுவது நல்லது என்பதுதான் அவர்கள் கண்ட பாடம்.

4 விழுக்காடு சிறிய எண்தானே என்று எண்ணாதீர்கள். கோடிக்கணக்கான படங்களில் அது எத்தனை முகங்கள்! வெயிலில் கறுத்த நம் பாட்டன்மார் முகம், பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் நிழலில், ஓரத்தில் நிற்கிறது. அதை அடையாளம் காண அவரைத் தெரிந்த கண் வேண்டும்.

நெகட்டிவ் எங்கே?

பிலிம் காலத்தில் ஸ்டூடியோக்காரர் ஒரு முறை வைத்திருந்தார். பெரிதாக்கும்போது வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விடுவார். ஆனால் நெகட்டிவ்வில் கை வைக்க மாட்டார். பத்து ஆண்டு கழித்து வந்து, "ஓரத்தில் நிற்கும் எங்கப்பாவை மட்டும் பெரிசாப் போட்டுக் கொடுங்க" என்று கேட்டாலும் அவரால் முடிந்தது. இன்றைக்கு நம்மிடம் உள்ள மூலப்படம்தான் அந்த நெகட்டிவ். அதைத் தொலைத்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

10 அங்குல அகலம், 8 அங்குல உயரம் உள்ள பழைய கூட்டப் படம் ஒன்று. அதில் ஒருவர் முகம் 1 செண்டிமீட்டர் அகலம். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் அந்த முகத்துக்கு 230 புள்ளிக்கு மேல் கிடைக்கும். கைப்பேசியில் படம் பிடித்தால் ஏறக்குறைய 157. அதையே புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், சாதாரணமாக அனுப்பினால் அது சுமார் 1600 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிவிடுகிறது. முகத்துக்கு 63 புள்ளி. இணையத்தளத்தின் சின்னச் சதுரத்தில்? வெறும் 7 புள்ளி!

நம் குடும்பங்களில் இது கணக்கு மட்டுமன்று. பாட்டி காலமாகிவிட்டால், படையலுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். தனியாக எடுத்த படம் ஒன்றுமே இருக்காது. கல்யாணக் கூட்டத்திலோ கோயில் கூட்டத்திலோ நின்ற படத்திலிருந்துதான் முகத்தை எடுத்தாக வேண்டும். 8க்கு 10 அங்குலத்தில் தெளிவாக அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பார்கள். 230 புள்ளி முகத்தைப் பெரிதாக்கினால் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பாட்டி பாட்டியாகவே இருப்பார். 7 புள்ளியிலிருந்து எதை எடுப்பது? செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பளிச்சென்று ஒரு முகத்தை வரைந்து தரும். அது அந்த இயந்திரத்தின் ஊகம். நம் பாட்டியின் முகம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே சுருக்கிய பிரதியும் கத்தரித்த பிரதியும் ஊர் பார்ப்பதற்கு, மூலப்படம் வீட்டுக்கு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து பாருங்கள். கட்டுரைக்குள் சிறிய பிரதி தெரியும். அதைத் தொட்டு உள்ளே சென்றால், ஏற்றியவர் தந்த மூலப்படமே கிடைக்கும். நம் தளங்களும் அப்படி இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

படம் கொடுப்பவர்களுக்கு:

1. படத்தைத் தட்டையாக வைத்து, வெள்ளை விளிம்பும் தெரியும்படி எடுங்கள். பின்புறத்தையும் ஒரு படம் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் யாரோ பென்சிலால் எழுதிய பெயரும் அங்கேதான் இருக்கும்.

2. புலனத்தில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அப்போது அது சுருக்காது.

3. யார் யார் என்று வரிசைப்படி, இடமிருந்து வலமாக எழுதிக் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் "மூன்றாம் நம்பர் லயத்துப் பெரியம்மா" என்றாவது எழுதுங்கள். ஊருக்குப் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் குறியுங்கள்.

தளம் நடத்தும் பிள்ளைகளுக்கு:

1. மூலப்படத்தை அப்படியே ஒரு தனி இடத்தில் வைத்து, வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். வேலை எல்லாம் பிரதியில் நடக்கட்டும். ஜேபெக் முறையில் உள்ள படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். அதனால் எப்போதும் மூலத்திலிருந்தே தொடங்குங்கள்.

2. கூட்டப் படத்தைச் சதுரமாக்காதீர்கள். சின்னப் படத்தை வெட்டாமல் விகிதப்படி சுருக்கும்படி அமைப்புப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

3. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் எந்த இடம் என்பதை நீங்களே கையால் குறியுங்கள். அந்தப் பிரதியைத் தொட்டால் முழுப் படமும் திறக்கும்படி செய்யுங்கள்.

4. வெளியிடுமுன், படம் கொடுத்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். படத்தில் எத்தனை பேர், பக்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த எண்ணிக்கையை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்யாது. அன்று பிரட்டுக் களத்தில் தண்டல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆள் எண்ணினார், சம்பளத்துக்காக எண்ணினார். இன்று நாம் எண்ண வேண்டியது வேறொரு கணக்குக்காக. இடக்கோடியில் நிற்பவரிடமிருந்து தொடங்குங்கள்.